அறுபது கதவுகள்

எங்கள் தொழிற்சாலையில் பூட்டு செய்கிறோம். வாசல் கதவில் பதிக்கிற பூட்டு. ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குள் நுழையலாம், திரும்பக் கூடாது. இந்த ஒரு நம்பிக்கையில்தான் ஜனங்கள் வீட்டை எங்களிடம் விட்டுவிட்டு வெளியே போகிறார்கள். இதைத் தயாரிப்புப் பிரிவில் நின்றுகொண்டு இருபத்து மூன்று வருடமாகக் கத்திக் கத்திச் சொல்லி வருகிறேன். கத்துவது என் சுபாவம். மெதுவாகச் சொன்னால் நான் சொல்வதில் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

முதலாளி என் அக்கா. அவளுக்கு இரண்டு முழங்காலும் பழுது. படியேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அவள் அறையோ மாடியில். வருஷக் கடைசியோடு ஒதுங்கிக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டாள். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். இன்னொருவர் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், விற்பனையைப் பார்ப்பவர். பேச்சில் தேன் ஒழுகும் மனிதர். பூட்டைக் கண்ணில் காட்டாமலே நூறு பூட்டு விற்றுவிடுவார். எங்களுக்குள் சண்டை கிடையாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு எப்படி இறங்கும்?

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. தூக்கத்தில்கூட அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அக்கா எங்கிருந்தோ ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தாள். தொழில் நடத்துபவர்களுக்கான ஆன்மிக நுண்ணறிவுப் பயிற்சி, மூன்று நாள். மூளை உள்ளவர்களை எங்கு வேண்டுமானாலும் பிடித்துவிடலாம், மனசு அடங்கினவனைத்தான் காணோம் என்றாள். இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றாள். மாப்பிள்ளை உடனே கைகூப்பினார். நான் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வாரம் இது என்று முனகினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனேன்.

பயிற்சியாளர் வெள்ளைச் சட்டைக்காரர். பூனை நடப்பதுபோல நடந்தார், அதைவிட மெதுவாகப் பேசினார். நான் இரண்டு முறை எழுந்து சத்தமாகப் பேசச் சொன்னேன். இரண்டு முறையும் புன்னகை செய்தார், சத்தம் கூடவில்லை. தன்னைவிடப் பெரிய ஒன்றுக்காக வேலை செய்கிறோம் என்று தெரிந்தவன்தான் தலைவன், கீழே இருப்பவனின் வாயிலிருந்து உண்மை வரும்வரை காத்திருப்பவன்தான் தலைவன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். ‘பிறர் தவறு செய்யும்போது நான் நிதானம் இழப்பதில்லை’ என்று ஒரு வாக்கியம். எதிரே நான்கு கட்டம். என் பேனா எழுதவில்லை. இப்படி ஒரு பேனாவை எவன் வாங்கி வைத்தான் என்று அங்கிருந்த உதவியாளரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கிவிட்டு, வேறு பேனா வாங்கி, ‘எப்போதும்’ என்ற கட்டத்தில் அழுத்தமாகக் குறி போட்டேன்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மாப்பிள்ளைக்கு எண்பத்தெட்டு. திரும்பி வரும்போது வண்டியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினேன்.

அது பாதிதான். இரண்டு வாரம் கழித்துப் பயிற்சியாளரே எங்கள் தொழிற்சாலைக்கு வந்து, படித்ததை வேலையில் எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று பார்ப்பார். அதற்குப் பிறகு அக்கா முடிவு சொல்வாள். நான் யோசித்தேன். மாப்பிள்ளை வாயால் எதையும் சமாளித்துவிடுவார். நான் செய்து காட்ட வேண்டும். மறுநாளே உத்தரவு போட்டேன்: தினமும் காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஐந்து நிமிடம் மௌனம். எல்லோரும் அவரவர் இடத்தில் கண்ணை மூடி நிற்க வேண்டும். ஒரு இயந்திரமும் ஓடக் கூடாது, மின்விசிறிகூடச் சுற்றக் கூடாது. அதற்காகத் தளத்தின் மெயின் சுவிட்சை நானே என் கையால் அணைப்பேன்.

இங்கே எங்கள் எண் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூட்டுக்குள்ளே சின்னச் சின்னப் பித்தளை ஊசிகள் இருக்கும். அவற்றின் உயரம் மாறினால் சாவி மாறும். எந்தப் பூட்டுக்கு எந்த உயரம் என்று ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு பட்டியல் அந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது. ஒரு பூட்டு முடிந்ததும் அது அடுத்த வரிக்குப் போகும். அதை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுபவளை எல்லோரும் நம்பரக்கா என்போம். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

முதல் நாள் பத்து மணிக்கு மெயின் சுவிட்சில் கை வைத்தேன். நம்பரக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், மெயினை அணைச்சா…”

நான் உதட்டில் விரலை வைத்தேன். பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்ட புன்னகையையும் சேர்த்து வைத்தேன். அவள் வாய் மூடிக்கொண்டது. ஐந்து நிமிடம் கழித்து மின்சாரத்தைப் போட்டதும் அவள் போய் இயந்திரத்தின் பொத்தான்களைத் தட்டித் தட்டி ஏதோ செய்துகொண்டிருந்தாள். மூன்று மணிக்கும் அப்படியே. கோபத்தில் தட்டுகிறாள் என்று நினைத்தேன். மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் பயிற்சியாளருக்குக் காட்டுவதற்காக நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ‘இன்று என் தொழிலாளர்களின் முகத்தில் ஓர் ஒளியைக் கண்டேன்’ என்கிற வரியில் இருந்தேன். தலையை நிமிர்த்தாமல், எதுவானாலும் நாளைக்குச் சொல்லும்மா என்றேன். சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு. மகளுக்குப் பிரசவம். அந்த விடுப்புக் கடிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன், ஞாபகம் இல்லை.

மௌனம் சக்கைப்போடு போட்டது. பொதி கட்டும் பிரிவில் ஒருவர் நின்றுகொண்டே குறட்டை விடும் வித்தையைக் கற்றார். மெருகு போடும் இரண்டு பேர் ஆறு மாதமாகப் பேசாமல் இருந்தவர்கள், அந்தக் குறட்டையைக் கேட்டுச் சிரித்துச் சமாதானமானார்கள். அதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். குறட்டையை விட்டுவிட்டு.

பயிற்சியாளர் வரவேண்டிய நாள் காலையில் தொலைபேசி வந்தது. புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, அறுபது வீடு, எல்லாக் கதவிலும் எங்கள் பூட்டு. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் மாட்டியிருந்தார்கள். அங்கே நான்காம் மாடிக்காரர் ஒருவர் முந்தின நாள் மாலை வேலை முடிந்து களைத்து வந்திருக்கிறார். லிப்ட் மூன்றாம் மாடியில் நின்றதைக் கவனிக்கவில்லை. கதவைத் தன் சாவியால் திறந்தார், உள்ளே போனார், விசிறியைப் போட்டார், காலுறையைக் கழற்றிவிட்டு சோபாவில் சாய்ந்தார். சமையலறையிலிருந்து ஒரு பெண்மணி கரண்டியோடு வந்திருக்கிறாள். இவர் அவளைப் பார்த்து, நீங்க யாரு, என் வீட்டுல என்ன பண்றீங்க என்று கேட்டிருக்கிறார். கரண்டி அவர் தோளில் ஒரு முறை இறங்கிய பிறகுதான் திரைச்சீலையின் நிறம் வேறு என்பது அவருக்கு உறைத்தது.

அப்புறம் அந்தக் கட்டடமே மாடிப்படியில் இறங்கிவிட்டது. ஆளாளுக்கு மற்றவர் கதவில் சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அறுபது கதவுக்கு மொத்தம் பதினாலு விதச் சாவிதான்.

தளத்துக்கு ஓடினேன். விடுப்பு முடிந்து அன்று காலைதான் வந்திருந்த நம்பரக்கா இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மெயினை அணைத்தால் அந்த இயந்திரத்துக்கு எந்த வரியில் நின்றோம் என்பது மறந்துபோகும், மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும் என்றாள். விட்ட எண்ணைக் கையால் தட்டிக்கொடுக்க வேண்டும். முதல் நாள் அவள் தட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். அவளுக்குப் பதிலாக வந்தவனுக்கு அது தெரியாது. தினம் இரண்டு முறை நான் அணைக்க, தினம் இரண்டு முறை அது முதல் பூட்டுக்கே திரும்பியிருக்கிறது. மனசை அடக்குகிறேன் என்று ஒரே சாவியைத் திரும்பத் திரும்பப் பிரசவித்திருக்கிறேன். நல்ல வேளையாக மிச்சமெல்லாம் கிடங்கிலேயே இருந்தது.

பதினொரு மணிக்கு அக்காவின் அறையில் கூடினோம். அக்கா, மாப்பிள்ளை, நான், நம்பரக்கா. பயிற்சியாளரும் வந்துவிட்டார். அவரை வெளியே உட்காரச் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாள் அக்கா. அவர் மூலையில் தன் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை நிதானமாகப் பேசினார். கெட்டவர் இல்லை அவர், கம்பெனி பெயரைக் காப்பாற்றப் பார்த்தார். இயந்திரத்தை ஓட்டுபவர் பொறுப்பை ஒப்படைக்காமல் விடுப்பில் போய்விட்டார், இது ஒரு தனிநபரின் கவனக்குறைவு, குடியிருப்புக்காரர்களிடம் அப்படியே சொல்லிவிடலாம், இவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிடலாம், பூட்டுகளை மாற்றிக்கொடுத்துவிடலாம் என்றார். என் பெயர் அதில் எங்குமே இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகவே அப்படிச் சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. வண்டியில் பேசாமல் வந்த மனிதர்.

அக்கா நம்பரக்காவைப் பார்த்தாள். “ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே?”

“அன்னிக்குச் சொல்ல முடியலை மேடம்” என்றாள் நம்பரக்கா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த அறையில் நான் சும்மா இருந்தால் போதும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். தொண்ணூற்றொன்று என் கையில் இருந்தது, நாற்காலி எதிரே இருந்தது, குற்றம் எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. இருபத்து மூன்று வருடம் கத்தியவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பத்து விநாடி அந்தச் சுகத்தில் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லமாட்டேன், பத்து விநாடி. அப்புறம் நம்பரக்காவின் கையைப் பார்த்தேன். பித்தளைத் தூள் படிந்த விரல்கள், புடவைத் தலைப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. இவள் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரியைத் தவறவிட்டதில்லை. எனக்கு அவமானம் காது மடல்வரை ஏறியது.

“சொல்ல வந்தாங்க” என்றேன். கத்தவில்லை, என் குரல் எனக்கே கேட்கவில்லை. “ரெண்டு தடவை வந்தாங்க. காலையில விரலை வச்சு வாயை மூடினேன். சாயங்காலம் நிமிர்ந்துகூடப் பாக்கலை. மெயினை அணைச்சது நான். லீவுல போறாங்கன்னு கையெழுத்துப் போட்டதும் நான். இதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்லை.”

மாப்பிள்ளை, ஏன் மச்சான் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் விடவில்லை, ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கேள்வித்தாளில் நான் போட்ட குறிகளில் பாதிக்குமேல் புளுகு என்றேன். பேனாவுக்காக அந்த உதவியாளரை ஏசியதையும் சொன்னேன். நாட்குறிப்பில் எழுதிய ஒளியும் புளுகு, அன்றைக்கு எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். மூலையில் பயிற்சியாளர் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். இதற்கு எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று தேடினாரோ என்னவோ, கடைசியில் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு முதல் முறையாகச் சத்தமாகத் தொண்டையைச் செருமினார்.

அக்கா நாற்காலியைப் பற்றி மூச்சு விடவில்லை. அறுபது வீட்டுக்கும் போய்ப் பூட்டை மாற்று என்றாள். நான்கு ஆட்களை அனுப்புகிறேன் என்றேன்.

“நீ போ” என்றாள்.

மறுநாள் காலை நானும் நம்பரக்காவும் வண்டியில் அறுபது புதுப் பூட்டோடு கிளம்பினோம். பூட்டின் எண்ணைச் சரிபார்த்துக் குறிக்க அவள், மண்டி போட்டுத் திருகுளி பிடிக்க நான். மேலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு வாசலிலும் தவறு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஐந்து வீட்டில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாவது வீட்டுக்கு வரும்போது கதை பழகிவிட்டது. இருபதாவது வீட்டில், தியானம் செய்து பூட்டைக் கெடுத்தவர் நீங்கதானா என்று அவர்களே கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். செய்தி எனக்கு முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் மட்டும் பொரிந்து தள்ளினார். பதிலுக்கு என் வாய் திறந்தது. அவர் சொல்வது அத்தனையும் நியாயம் என்பதால் மூடிக்கொண்டேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் மாடியில் கரண்டிப் பெண்மணி வீட்டில் எங்களுக்கு முன்பே நான்காம் மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார், இந்த முறை அழைப்பின்பேரில், மனைவியோடு. இரண்டு குடும்பமும் சினேகமாகிவிட்டது. தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தோள் பரவாயில்லை, ஆனால் இந்த வீட்டு சோபா அளவுக்குத் தன் வீட்டு சோபா சுகமில்லை என்பது இப்போது தெரிந்துபோய்விட்டது, அதுதான் கவலை என்றார்.

இரண்டாம் மாடிக்கு வரும்போது மாலை ஆகிவிட்டது. பூட்டைத் திருகிக்கொண்டே, கேட்க வேண்டியதை நம்பரக்காவிடம் கேட்டேன். அவளைப் பார்க்காமல்தான் கேட்க முடிந்தது. அன்றைக்கு வாசலில் நின்றவள், இன்னும் ஒரு முறை சத்தமாகச் சொல்லியிருக்கலாமே?

அவள் பெட்டியிலிருந்து அடுத்த பூட்டை எடுத்து எண்ணைப் பார்த்தாள். “உங்ககிட்ட யாரும் எதையும் திருப்பிச் சொல்லமாட்டோம் சார். முதல் தடவை சொன்னா கத்துவீங்க, அது பழகிப்போச்சு. ரெண்டாவது தடவை சொல்றதுக்குத் தெம்பு இருக்காது. இன்னிக்கு நேத்து இல்லை, ரொம்ப வருஷமாவே அப்படித்தான்.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இந்த இருபத்து மூன்று வருடத்தில் எத்தனை பேர் எத்தனை விஷயத்தை என் வாசல்வரை கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்தேன். திருகுளி கையிலேயே நின்றுவிட்டது.

அப்போது படியில் சத்தம் கேட்டது. அக்கா வந்துகொண்டிருந்தாள். லிப்டில் யாரோ சாமான் ஏற்றுகிறார்களாம், காத்திருக்கப் பொறுமையில்லாமல் அந்த முழங்காலோடு இரண்டு மாடி ஏறியிருக்கிறாள். பொறுமையில்லாமை எங்கள் குடும்பச் சொத்து. பின்னாலேயே மாப்பிள்ளை அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா மேல்படியில் அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் எழுந்திருக்கப் போனேன், வேலையைப் பார் என்று கையைக் காட்டினாள்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை அவள். நம்பரக்காவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“இவனை அந்த நாற்காலியில உக்கார வைக்கலாமான்னு யோசிக்கிறேன். மாப்பிள்ளையும் சரின்னுட்டார். நேத்து அந்த அறையில தன்னால இப்படிப் பேசியிருக்க முடியாதுன்னு அவரே சொல்றார். ஆனா இவன்கிட்ட வேலை பாக்கப் போறது நீங்கள்லாம். நீங்க சொல்லுங்க. பாக்க முடியுமா?”

மாப்பிள்ளை எனக்கு நேரே பார்த்துத் தலையை ஆட்டினார். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டேன். தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கியபோது அடிக்காத நெஞ்சு அப்போது அடித்துக்கொண்டது. இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒருவர் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தேன். நம்பரக்கா அவசரப்படவில்லை. கையிலிருந்த பூட்டின் எண்ணைத் தாளில் குறித்தாள், பேனாவை மூடினாள், காதில் செருகிக்கொண்டாள்.

“கத்தத்தான் செய்வாரு மேடம், அது போகாது” என்றாள். “ஆனா இனிமே நான் ரெண்டாவது தடவையும் சொல்லுவேன்.”

அக்கா சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, நன்றி என்றோ, இனிமேல் கத்தமாட்டேன் என்றோ. இரண்டாவது புளுகாகிவிடும் என்று பயந்து பூட்டைப் பலகைக்குள் தள்ளித் திருகினேன்.

“சார், அது தலைகீழா இருக்கு” என்றாள் நம்பரக்கா.

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

“தலைகீழா இருக்கு சார்” என்றாள்.

குனிந்து பார்த்தேன். கழற்றித் திருப்பி மாட்டினேன்.